பி.காம். முடித்துவிட்டுக் கொழுந்துக்குப் போனால் படித்தது வீணா?

கேள்வி கேட்டிருக்கும் பெண்ணின் நிலைமையை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீலகிரியில் பந்தலூர் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில், அதாவது தொழிலாளர்களுக்குத் தோட்டம் கொடுக்கும் வரிசை வீட்டில் பிறந்தவர். தாத்தா பாட்டி இலங்கையிலிருந்து வந்தவர்கள். பி.காம். படித்து, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நான்கு வருடம் கணக்கு பார்த்தார். இப்போது அம்மா ஓய்வு பெறுகிறார். குடும்பத்தில் யாராவது ஒருவர் பேர் தோட்டத்துப் பதிவில் இருந்தால்தான் வீட்டில் குடியிருக்கலாம் என்கிறார்கள். அப்பா காலமாகிவிட்டார், தம்பி பதினொன்றாம் வகுப்பு. அதனால் இவர் ஊருக்கு வந்து பேர் பதிந்துகொண்டார். மூன்று மாதமாகக் கொழுந்து எடுக்கிறார், அதாவது தேயிலை பறிக்கிறார். "காலேஜுக்குப் போயும் கொழுந்துக்குத்தானே வந்துச்சு" என்று லைனில் பேச்சு. காலேஜ் தோழிகள் வாட்ஸாப்பில் என்ன செய்கிறாய் என்று கேட்டால் பதில் போடுவதில்லை. "என் படிப்பு என்ன ஆச்சு? நான் யாருன்னு சொல்லிக்கிறது?" இதுதான் கேள்வி.

நான் 1973இல் பத்து வயதில் அப்பா அம்மாவோடு தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கியவள். மண்டபம் முகாமில் இருந்து, பிறகு சேரம்பாடிப் பக்கம் லைனில் வளர்ந்தேன். படித்து ஆசிரியை ஆகி, கூடலூர், பந்தலூர் வட்டத்துப் பள்ளிகளில் 34 வருடம் சமூக அறிவியல் நடத்திவிட்டு ஓய்வு பெற்றேன். அந்த உரிமையில் 'நீ' என்றே எழுதுகிறேன், மா.

உன் கேள்வியைப் படித்ததும் எனக்குப் பதில் தோன்றவில்லை. ஒரு மத்தியானம்தான் ஞாபகத்துக்கு வந்தது. ஆடி மாதம், விடாத மழை. ஒன்பதாம் வகுப்பில் வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த ஒரு பெண்ணை நிறுத்தி, எல்லா வாத்தியாரும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன்: "படிக்கலைன்னா கொழுந்து பறிக்கத்தான் போகணும், பார்த்துக்க." சொல்லிவிட்டுத் திரும்பினால் வாசலில் ஒரு அம்மா நிற்கிறார். மகள் மறந்துவிட்டுப் போன குடையைக் கொடுக்க மலையிலிருந்து நேராக வந்திருக்கிறார். இடுப்பில் கட்டிய ரெக்சின் படுதாவை அவிழ்க்கக்கூட இல்லை. அதன் மடிப்பில் ஈரத்தோடு இரண்டு கொழுந்து ஒட்டியிருந்தது. காலில் அட்டை கடித்த இடத்தில் ரத்தம் கோடாக இறங்கியிருந்தது. நான் வாயடைத்து நின்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "நல்லா சொல்லுங்க டீச்சர், அப்பத்தான் புத்தி வரும்" என்றார். அவர் மகள் மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்த அம்மா கோபப்பட்டிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன், அதோடு போயிருக்கும். அவர் ஒத்துக்கொண்டதுதான் இத்தனை வருடம் என்னை விடவில்லை. மகள் தப்பிக்க வேண்டும் என்பதற்காகத் தன்னையே பூச்சாண்டியாகக் காட்டச் சம்மதித்தார். உன் லைனில் இப்போது பேசுகிறார்களே, அந்தப் பேச்சை அவர்கள் வாயில் போட்டவர்களில் நானும் ஒருத்தி. எனவே உனக்குச் சமாதானம் சொல்லி அனுப்ப மாட்டேன். இந்த வெட்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரிந்த அளவு சொல்கிறேன்.

நம் ஆட்கள் வரலாற்றைக் காகிதங்களாகவே சொல்லிவிடலாம். இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கும், காப்பி நோய் விழுந்து அழிந்தபின் தேயிலைத் தோட்டங்களுக்கும் கங்காணி ஆள் கூட்டிப் போன காலத்தில் 'துண்டு' என்று ஒன்று இருந்தது. ஒருவர் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், இவருக்கு இவ்வளவு கடன், அதை அடைத்தால் விடுவிக்கிறோம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு. கடன் பெரும்பாலும் கங்காணி எழுதியது. படிக்கத் தெரியாத ஆளின் மதிப்பு அந்தச் சீட்டில் ரூபாய்க் கணக்கில் இருக்கும். அதை 1921இல் ஒழித்தார்கள். 1948இல் இலங்கை சுதந்திரம் அடைந்த கையோடு வந்த குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. முன்பு கையில் கடன் சீட்டாவது இருந்தது, இப்போது எந்த நாட்டுச் சீட்டும் இல்லை. 1964இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பகிர்ந்தார்கள். எந்தப் பக்கம் போகிறாய் என்று வீடு வீடாக எழுதியதில் அண்ணன் அங்கே, தம்பி இங்கே என்று ஆனது எங்கள் குடும்பத்தில் மட்டுமில்லை.

கப்பலில் வந்தபோது அப்பா சட்டைக்குள் ஒரு குடும்ப அட்டை வைத்திருந்தார். யார் யார், என்ன வயது, எந்த மறுவாழ்வுத் திட்டத்துக்குப் போக வேண்டும் என்று அதில் இருக்கும். தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுக்கத்தான் தமிழக அரசு 1968இல் நீலகிரியில் தேயிலை நடத் தொடங்கியது. அது 1976இல் டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. சேரம்பாடி, கொளப்பள்ளி, நெல்லியாளம், தேவாலா, நடுவட்டம், கோத்தகிரி, குன்னூர் என்று மலை முழுக்க அந்த நடவு பரவியது. காட்டைத் திருத்தியதும் கன்று வைத்ததும் நம் அப்பா அம்மாக்கள்தான். தனியார் தோட்டங்களுக்குப் போனவர்களும் உண்டு. எங்கே போனாலும் வாழ்க்கை ஒரே அச்சு. பேர் போட்டால் வீடு, பேரை வெட்டினால் வீட்டைக் காலி செய்.

இந்த முடிச்சைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும், உன் விஷயமே இதில்தான் மாட்டியிருக்கிறது. 1951இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம் நல்ல சட்டம். வீடு, ஆஸ்பத்திரி, பிள்ளைக் காப்பகம் எல்லாம் முதலாளி செய்து தர வேண்டும் என்றது. பள்ளிக்கூடத்துக்கும் வழி வைத்தது. ஆனால் எந்த வயதுப் பிள்ளைகளுக்கு? 6 முதல் 12 வரை. அதே சட்டத்தில் இன்னொரு பிரிவு, 12 வயது முடியாத பிள்ளையை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். பள்ளிக்கூடக் கதவு மூடும் வயதும் மலைக் கதவு திறக்கும் வயதும் ஒன்று. அந்த 12 வயதுப் பிரிவு 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தபோதுதான் நீங்கியது. வகுப்பில் இந்தச் சட்டத்தை நடத்தும்போது எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். இந்த இரண்டு எண்களும் ஒன்றாக இருப்பது பல வருடம் கழித்துத்தான் கண்ணில் பட்டது.

வேலையோடு வீடு, வீட்டோடு வேலை, பிள்ளைக்கு 12 முடிந்தால் அவனும் அதே பதிவில். இந்தச் சுற்றிலிருந்து வெளியே வர ஒரே ஒரு வழிதான் தெரிந்தது: படிப்பு. எங்களுக்குப் படிப்பு என்றால் அறிவு வளர்வது என்பதெல்லாம் பிறகு. முதலில் அது மலையை விட்டு இறங்கும் பாதை. வாசலில் நின்ற அந்த அம்மா சிரித்ததற்கு அர்த்தம் அதுதான். அந்த ஆசை நியாயமானது, இன்றும் அதில் ஒரு எழுத்தையும் மாற்ற மாட்டேன். ஆனால் போகும் வழியில் ஒரு தவறு செய்தோம். பூட்டை வெறுப்பதற்குப் பதிலாகப் பூட்டப்பட்டிருந்தவர்கள் செய்த வேலையை வெறுக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தோம்.

உன் பட்டச் சான்றிதழை அம்மா கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார் என்று நினைக்கிறேன். பெரும்பாலான லைன் வீடுகளில் சாமி படத்துக்குப் பக்கத்தில் அதைப் பார்க்கிறேன். துண்டு, குடும்ப அட்டை, சாதிச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீசுக்கு நடந்த நடை என்று மற்றவர்கள் எழுதிக் கொடுத்த காகிதங்களையே சுமந்த குடும்பத்தில், ஒரு பெண் தானாக எழுதிச் சம்பாதித்த முதல் காகிதம் அது. 2010க்குப் பிறகு 'முதல் பட்டதாரி' என்று அரசே ஒரு சான்றிதழ் கொடுக்கிறது. பெயரைப் பார், ஒரு குடும்பத்தின் மொத்தக் கதையையும் இரண்டு சொல்லில் ஒரு பிள்ளையின் தோளில் வைத்துவிடுகிறது. அந்தப் பாரம் உனக்கு இருக்கிறது. அதனால்தான் கொழுந்துப் பையைத் தூக்கும்போது சுவரில் இருக்கும் காகிதம் உன்னைப் பார்க்கிற மாதிரி தோன்றுகிறது.

வேலையின் பேரைத் தன் பேராக ஆக்கிக்கொள்வது நம் லைனில் மட்டும் இல்லை. ஊட்டி இந்துநகரில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் இருந்தது. 1960இல் தொடங்கி 1967இல் உற்பத்தியை ஆரம்பித்த மத்திய அரசு நிறுவனம். எக்ஸ்ரே பிலிம், சினிமா பிலிம், 'இந்து' முத்திரையோடு கறுப்பு வெள்ளைப் பிலிம் எல்லாம் அங்கிருந்து போனது. ஆயிரக்கணக்கானோருக்கு வேலை. என் இளவயதில் எச்.பி.எஃப். மாப்பிள்ளை என்றால் பெண் வீட்டார் வேறெதுவும் விசாரிக்க மாட்டார்கள். கடன் ஏறியது, டிஜிட்டல் வந்தது, 1990களில் நலிந்த நிறுவனம் என்றார்கள், கடைசியில் மூடியே விட்டார்கள். பிலிமே வேண்டாத உலகம் வந்தபிறகும் அங்கே வேலை பார்த்தவர்கள் கல்யாண வீட்டில் "நான் எச்.பி.எஃப்." என்றுதான் தங்களை அறிமுகம் செய்துகொள்வார்கள். வேறு எப்படிச் சொல்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. நன்றாகப் படித்து, நல்ல வேலையில் இருந்து, எந்தத் தப்பும் செய்யாத மனிதர்கள். ஒரு பேரை ஒரு நிறுவனம் கொடுத்தால் அதே நிறுவனம் மூடும்போது பேரும் போகும் என்று அவர்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. திருப்பூரில் உன்னை 'அக்கவுன்ட்ஸ் மேடம்' என்று கூப்பிட்டார்களே, அதுவும் அந்தக் கம்பெனி கொடுத்த பேர்தான்.

இனி கோத்தகிரிப் பக்கம் ஒரு காட்சி. அங்கே படுகர் ஊர்களில் ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் என்று சொந்தத் தேயிலை வைத்திருக்கும் குடும்பங்கள் ஏராளம். 1990களின் கடைசியில் பச்சைத் தேயிலை விலை விழுந்ததிலிருந்து அவர்களும் நிம்மதியாக இல்லை. படித்த பிள்ளைகள் கோவைக்கும் பெங்களூருக்கும் போய்விட்டார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெண் அங்கே எம்.எஸ்சி. முடித்தவள். லீவுக்கு வந்தால் அம்மாவோடு கொழுந்து எடுப்பாள். கேட்டால், "எங்க தோட்டத்துக்குப் போறேன் டீச்சர்" என்பாள். முகத்தில் ஒரு சுருக்கம் இருக்காது. அவள் எடுப்பதும் தேயிலைதான், அதே அட்டைதான், அதே மழைதான். அவள் 'தோட்டத்துக்கு'ப் போகிறாள், நீ 'வேலைக்கு'ப் போகிறாய். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் எல்லாமே அதில்தான் இருக்கிறது. அவள் வேண்டாம் என்றால் நாளைக்குப் போகாமல் இருக்கலாம், வீட்டை யாரும் பூட்டப் போவதில்லை. நீ போகாவிட்டால் வீட்டைக் காலி செய்யச் சொல்லிச் சீட்டு வரும். வெட்கம் கொழுந்திலிருந்து வருவதாக இருந்தால் அவளுக்கும் வந்திருக்க வேண்டும். அது கூரையைப் பணயம் வைத்து வேலை வாங்கும் ஏற்பாட்டிலிருந்து வருகிறது. வெட்கப்பட வேண்டியது அந்த ஏற்பாடு. நீ அதைத் தூக்கி உன் தலையில் வைத்துக்கொண்டிருக்கிறாய்.

வேலையைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். உன் வயதில் எனக்கும் அதில் அறிவு ஒன்றும் இல்லை என்ற எண்ணம்தான். என் அண்ணி 33 வருடம் கொழுந்து எடுத்தவர், பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரோடு மலையில் நடந்தேன். ஒரு செடியின் மேல் கையை வைத்து, கண்ணால் பார்க்காமலே, "இது வங்கி, இதை விட்டா மேல வராது" என்று ஒரு கிள்ளில் எடுத்துப் போட்டார். வங்கி என்றால் வளர்ச்சி நின்று மொட்டு உறங்கிப்போன கொழுந்து. இரண்டு இலை ஒரு மொட்டு என்று புத்தகத்தில் நாங்கள் நடத்துவோம். எந்த இரண்டு இலை, எவ்வளவு முற்றல், இந்த வாரம் எடுப்பதா அடுத்த சுற்றுக்கு விடுவதா, கவாத்து வெட்டி எத்தனை மாதம் ஆன செடி, மட்டம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அவர் விரல் ஒரு நொடியில் இத்தனையும் கணக்குப் போடுகிறது. இப்போது கத்திரி போட்டு வெட்டுவதால் அந்த விரலறிவு குறைகிறது என்பது அண்ணியின் வருத்தம். கிலோ கூடும், செடி இளைக்கும் என்பார். காலையில் யானை நின்ற இடத்தை வாசத்தில் கண்டுபிடிப்பதும் இதில் சேர்த்திதான். பந்தலூரில் அது உயிர் காக்கும் அறிவு என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவு தெரிந்த ஆளுக்கு உலகம் கொடுத்த அடையாளம் என்ன? ரேஷன் கடையில் கைரேகை மெஷின் வந்த புதிதில் அண்ணியோடு நானும் போயிருந்தேன். ஆள்காட்டி விரலை வைத்தார், விழவில்லை. கட்டைவிரல், விழவில்லை. கடைக்காரர் நல்லவர், ஈரத்துணியில் துடைத்துவிட்டு வைக்கச் சொன்னார். அண்ணி புடவைத் தலைப்பில் அழுத்தி அழுத்தித் தேய்த்தார். கொழுந்துக் கறை ஏறி, தோல் வெடித்து, ரேகையெல்லாம் வழுவழுவென்று தேய்ந்து போயிருந்தது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் கையிலும் அதே கதை. "நான் நான்தானேப்பா, உனக்குத் தெரியாதா" என்றார் அண்ணி. கடைக்காரருக்குத் தெரியும், மெஷினுக்குத் தெரியவில்லை. 33 வருடம் செய்த வேலையே அவருடைய அடையாளத்தை அழித்திருந்தது. அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் பேசவில்லை. படிக்காதவர்கள் அறிவில்லாதவர்கள் என்று நான் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. ஆனால் "கொழுந்து பறிக்கத்தான் போகணும்" என்ற மிரட்டலில் அது முழுசாக இருந்தது.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். படிப்பு வீணா? நீ இந்த வேலைக்கு வந்த விதத்தையும் உன் அம்மா வந்த விதத்தையும் ஒப்பிட்டுப் பார். அம்மாவுக்கு வேறு எதுவும் இருந்திருக்காது. நீ திருப்பூரில் நான்கு வருடம் சொந்தமாக வாடகை கொடுத்து, டேலி, ஜி.எஸ்.டி. எல்லாம் கையாண்டு, பஸ் பிடித்துத் திரும்பி வந்தவள். அம்மா தெருவில் நிற்கக் கூடாது, தம்பி பன்னிரண்டாவதை முடிக்க வேண்டும் என்று எண்ணி எண்ணி முடிவெடுத்திருக்கிறாய். அந்த முடிவை எடுக்க இடம் கொடுத்ததே உன் படிப்புதான். ஆனால் ஒன்று. திரும்பிப் போகும் வழி திறந்திருக்கும் வரைதான் இது பொருந்தும். இரண்டு வருடம் ஐந்தாகி, ஐந்து பத்தாகி, தம்பிக்கும் ஒரு பேரைப் பதிந்துவிடலாம் என்று யாராவது நல்லெண்ணத்தில் சொல்லும் நாள் வரும். அன்று விழித்துக்கொள். தியாகம் என்ற பேரில் அதே சுற்று மறுபடி தொடங்குவதை நிறையப் பார்த்திருக்கிறேன், அதிலும் மூத்த பெண் பிள்ளைகள் விஷயத்தில்.

அதனால் ஒரு நாளைக் குறித்துக்கொள். தம்பி பன்னிரண்டு முடித்துக் கல்லூரியில் சேர்ந்து ஒரு வருடம் என்று வை. அதற்குள் அம்மாவுக்கு வரவேண்டிய பணத்தில் கூடலூரிலோ பந்தலூரிலோ வாடகைக்கு ஒரு வீடு முடியுமா, அரசு வீட்டுத் திட்டம் ஏதாவது நம் லைனுக்கு வருகிறதா என்று பார். கணக்கு வேலையையும் அடியோடு விட்டுவிடாதே. கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகள், இலை வாங்கும் தனியார் தொழிற்சாலைகள், மகளிர் குழுக்கள், பஜாரில் மளிகைக் கடைகள் எல்லாவற்றுக்கும் ஜி.எஸ்.டி. தெரிந்த ஆள் வேண்டும். மாதம் இரண்டு கடைக்குச் சாயங்காலம் கணக்கு எழுதினாலும் கை மறக்காது. முடிந்தால் தொலைநிலைக் கல்வியில் எம்.காம். சேர். பட்டத்துக்காகச் சொல்லவில்லை, நீ படித்ததோடு தொடர்பு அறாமல் இருக்கத்தான்.

தோழிகளுக்கு என்ன சொல்வது? நம் ஊரில் யாரும் "நீங்க யாரு"ன்னு கேட்பதில்லை, "என்ன பண்றீங்க"ன்னுதான் கேட்பார்கள். நாம்தான் பதில் சொல்லும்போது 'நான் டீச்சர்', 'நான் அக்கவுன்டன்ட்' என்று மொத்த ஆளையும் தூக்கிக் கொடுத்துவிடுகிறோம். கேட்டதற்கு மட்டும் பதில் சொல். "பந்தலூர்ல இருக்கேன். அம்மாவோட தோட்ட வேலையை நான் எடுத்திருக்கேன், வீடு அதுல இருக்கு. தம்பி படிக்கிறான்." முதல் தடவை டைப் செய்ய விரல் நடுங்கும். அனுப்பிவிடு. வேறு மாநிலத்துப் பிள்ளைகளும் இப்போது நம் லைனில் இருக்கிறார்கள். ஜார்க்கண்டிலிருந்து, அசாமிலிருந்து குடும்பத்தோடு வந்து நம் பழைய வீடுகளில் குடியேறியிருக்கிறார்கள். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் அப்படி ஒரு சிறுமி என் வகுப்பில் தமிழில் அழகாக எழுதினாள். அவளிடம் நான் அந்தப் பழைய வாக்கியத்தைச் சொல்லவில்லை. "உங்க அம்மா இன்னிக்கு எத்தனை கிலோ?" என்று கேட்டேன். உடனே நிமிர்ந்து ஒரு எண்ணைச் சொன்னாள். அவ்வளவுதான் நான் கற்றுக்கொண்டது, அதற்கு எனக்கு முப்பது வருடத்துக்கு மேல் ஆனது.

கடைசியாக அம்மாவின் பணம். நீ பி.காம். படித்தது இப்போது உடனே பயன்பட வேண்டிய இடம் இதுதான். பணிக்கொடைக்குச் சட்டம் 1972இல் வந்தது. நாள் கூலிக்காரருக்கு, வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் கூலி. குறைந்தது ஐந்து வருடம் தொடர்ந்து செய்திருக்க வேண்டும், சேரவேண்டிய நாளிலிருந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். கடைசிக் கூலி 400 ரூபாய் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள். வருடத்துக்கு 6,000. 31 வருடம் என்றால் 1,86,000. இந்த 31 என்ற எண்ணைத்தான் நீ தோண்ட வேண்டும். நம் பெண்களில் பலர் நிரந்தரம் ஆவதற்கு முன் தற்காலிகமாகப் பல வருடம் உழைத்திருப்பார்கள். வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் அது ஒரு வருடச் சேவைதான். ஆபீஸ் கணக்கில் நிரந்தரமான தேதியிலிருந்து மட்டும் எழுதியிருந்தால், ஆறு வருடம் விடுபட்டாலே 36,000 ரூபாய் போச்சு. எந்தத் தேதியிலிருந்து சேவை என்று எழுத்தில் கேள், வாய்ச் சொல்லை வாங்கிக்கொண்டு வராதே. தொழிற்சங்கத்தில் ஒருவரையும் தொழிலாளர் துறை அலுவலகத்தையும் விசாரிக்கும் வரை எந்தத் தாளிலும் அம்மா கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டாம்.

பி.எஃப். பணத்தில் இன்னொரு சிக்கல் வரும். தோட்டத்து வருகைப் பதிவான செக்ரோலில் மாரியாயி, ஆதாரில் மாரியம்மாள், பேங்க் புத்தகத்தில் மாரியாய் என்று ஒரே ஆள் மூன்று பேராக இருப்பார். பணம் அங்கேதான் நின்றுபோகும். ஓய்வுத் தேதிக்கு முன்னாலேயே மூன்றையும் ஒன்றாக்கு. பழைய சம்பளச் சீட்டுகளை வீட்டில் தேடு. நம் அம்மாக்கள் அதைத் தூக்கி எறிந்திருக்க மாட்டார்கள். பெரும்பாலும் குடும்ப அட்டை வைத்திருக்கும் அதே தகரப் பெட்டியில், அடியில், நூல் போட்டுக் கட்டி இருக்கும். வருடவாரியாக அடுக்கி, முதல் சீட்டில் என்ன தேதி இருக்கிறது என்று பார்.